விம்பிள்டன்: ஒரு கழகத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா?

விம்பிள்டன் என்று சொன்னால் நமக்கு டெனிஸ்தான் நினைவுக்கு வரும். ஜூலை மாதம், வெள்ளை உடுப்பு, பச்சைப் புல்தரை. அதே ஊரில் ஓர் உதைபந்தாட்டக் கழகமும் இருக்கிறது. அதைத் தெரிந்தவர்களும் "1988ல எஃப்.ஏ. கப் எடுத்த டீம்தானே" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்தப் பதிவு அந்தக் கழகத்தைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். மென்செஸ்டர், லிவர்பூல், ஆர்சனல், செல்சி என்று பிரிந்து நின்று இரவிரவாகக் கொமெண்ட்டில் சண்டை பிடிக்கின்ற நம் தம்பிமார் குறிப்பாக வாசிக்க வேண்டும்.

நமது நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். கழகத்தை விலைகொடுத்து வாங்குகிறவர் அதன் மைதானத்தையும் வீரர்களின் ஒப்பந்தங்களையும் கடனையும் வாங்குகிறார். அதன் வரலாறு அவர் கையில் இருப்பது அமானிதமாக மட்டுமே. அதை இன்னோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய் விற்க அவருக்கு உரிமை கிடையாது. "இது என்ன, எல்லாருக்கும் தெரிந்த விசயம்தானே" என்று தோன்றும். ஆனால் 2002இல் இங்கிலாந்தில் இதை ஆராய நியமிக்கப்பட்ட மூன்று பேரில் இரண்டு பேர் இதற்கு மாறாகத்தான் தீர்ப்பு எழுதினார்கள்.

கதையை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

1889இல் 'விம்பிள்டன் ஓல்ட் சென்ட்ரல்ஸ்' என்ற பெயரில் இந்தக் கழகம் தொடங்கியது. சென்ட்ரல் ஸ்கூல் என்ற பாடசாலையின் பழைய மாணவர்கள் ஊர்ப் பொதுத்திடலில் பந்து விளையாடச் சேர்ந்ததுதான் அது. ஆம், இது ஒரு பழைய மாணவர் கழகம்! பழைய மாணவர் சங்கங்களோடு வேலை செய்த ஆசிரியர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர்கள் எதையும் இலகுவில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 1905இல் பெயர் 'விம்பிள்டன்' என்று சுருங்கியது. 1912இல் ப்ளவ் லேன் என்ற வீதியோரத்தில் ஒரு மைதானத்துக்குக் குடிபோனார்கள்.

அதன் பிறகு பல பத்தாண்டுகள் அது ஒரு சாதாரண ஊர்க் கழகம். 1963இல் அமெச்சூர் கிண்ண இறுதிப் போட்டியில் சட்டன் யுனைடெட்டை 4-2 என்று வென்றார்கள். நான்கு கோல்களையும் அடித்தவர் எடி ரெனோல்ட்ஸ் என்ற ஒரே ஆள். நான்கும் தலையால் முட்டியவை.

1975தான் நாடு முழுக்க இவர்களைத் திரும்பிப் பார்த்த வருடம். லீக்கிலேயே இல்லாத இந்த அணி எஃப்.ஏ. கிண்ணத்தில் முதலாம் பிரிவு அணியான பேர்ன்லியை, அவர்களுடைய மைதானத்திலேயே 1-0 என்று வீழ்த்தியது. அடுத்தது லீட்ஸ் யுனைடெட். அப்போது நாட்டின் நடப்புச் சம்பியன். அவர்களுடைய மைதானத்தில் ஆட்டம் கோல் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும்போது லீட்ஸுக்கு ஒரு பெனல்டி கிடைத்தது. உதைக்க வந்தவர் பீட்டர் லோரிமர். அவர் காலில் பட்ட பந்தைப் பற்றி இங்கிலாந்தில் இன்றும் கதைப்பார்கள், அவ்வளவு வேகம். விம்பிள்டன் கோல்காப்பாளர் டிக்கி கை அதைத் தடுத்தார். ஆட்டம் 0-0. மறு ஆட்டத்தில் லீட்ஸ் 1-0 என்று வென்றது. அந்த ஒரு கோலும் விம்பிள்டன் வீரர் டேவ் பெசட்டின் மேல் பட்டுத் திசைமாறிப் போன பந்து. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் லீக்குக்குள் நுழைய, வென்றால் மட்டும் போதாது. ஏற்கனவே உள்ளே இருக்கிற கழகங்கள் வாக்களித்துச் சேர்க்க வேண்டும். 1977இல் அந்த வாக்கு விம்பிள்டனுக்குக் கிடைத்தது. இழந்தது வேர்க்கிங்டன் என்ற வடபகுதிச் சிறுநகரம். ஓர் ஊரின் சந்தோசத்துக்கு இன்னோர் ஊர் விலை கொடுத்தது என்பதையும் இந்தக் கதையில் மறைக்கக் கூடாது.

பிறகு நடந்ததை இன்று ஒரு சினிமாவாக எடுத்தால் "கொஞ்சம் ஓவர்" என்போம். தன் மேல் பட்டுக் கோலான அதே டேவ் பெசட் முகாமையாளராகி, நான்காம் பிரிவிலிருந்த அணியை 1986இல் முதலாம் பிரிவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். லீக்குக்குள் நுழைந்து ஒன்பது வருடம்! வந்த முதல் பருவத்திலேயே ஆறாம் இடம். அவர்களுடைய ஆட்டம் அழகானதல்ல. பந்தை உயரத் தூக்கி அடிப்பது, பின்னால் துரத்துவது, முட்டி மோதுவது. இன்று பார்சிலோனா ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பத்து நிமிடம் பார்க்க ஏலாது. எதிரணிகள் வெறுத்தன, பத்திரிகைகள் கிண்டல் செய்தன. ஆனால் சின்ன மைதானமும் சின்ன வருமானமும் உள்ள ஓர் அணி வேறு எப்படித்தான் விளையாடியிருக்கும்?

1988 மே 14. வெம்பிளி அரங்கு. எதிரே லிவர்பூல், அந்த வருடத்து லீக் சம்பியன். லோரி சஞ்செஸ் 37ஆவது நிமிடத்தில் தலையால் ஒரு கோல். இரண்டாம் பாதியில் லிவர்பூலுக்கு ஒரு பெனல்டி. ஜோன் ஓல்ட்ரிஜ் உதைத்தார், டேவ் பீசன்ட் பாய்ந்து தடுத்தார். வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டிகளில் ஒரு பெனல்டி தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. 1-0. பதினொரு வருடத்துக்கு முன்பு லீக்கிலேயே இல்லாத கழகம் கிண்ணத்தைத் தூக்கியது.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். நமக்கு முக்கியமான பகுதி இனித்தான்.

1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் இரசிகர்கள் மாண்டார்கள். அதை விசாரித்த டெய்லர் அறிக்கைக்குப் பிறகு, உயர்பிரிவுக் கழகங்களின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்ற விதி வந்தது. நியாயமான விதி. ஆனால் ப்ளவ் லேனோ பழைய, நின்று பார்க்கிற மைதானம். திருத்தக் காசில்லை என்றார்கள். 1991இல் கிரிஸ்டல் பேலஸ் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு வாடகைக்குப் போனார்கள். தற்காலிகமாகத்தான்.

'தற்காலிகம்' என்ற சொல்லைப் பற்றி ஆசிரியர்களிடம் கேளுங்கள். தற்காலிகக் கொட்டில் என்று போட்ட வகுப்பறையில் படித்த பிள்ளை, தன் பிள்ளையை அதே கொட்டிலில் கொண்டுவந்து சேர்க்கின்ற காட்சியை நாம் எத்தனை முறை பார்த்திருப்போம்! விம்பிள்டனும் பன்னிரண்டு வருடம் வாடகை வீட்டில் இருந்தது. அதற்கிடையில் ப்ளவ் லேன் காணி சுப்பர்மார்க்கட் கம்பனி ஒன்றுக்கு விற்கப்பட்டது. கடைசியில் அங்கே அடுக்குமாடி வீடுகள் எழும்பின. அந்த நான்கு கோல் மனிதரின் நினைவாக 'ரெனோல்ட்ஸ் கேட்' என்று அந்தக் குடியிருப்புக்குப் பெயர் வைத்தார்கள். மைதானத்தை விற்றுவிட்டு மைதானத்தில் விளையாடியவனின் பெயரைச் சுவரில் எழுதுவது. இதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

உரிமையாளர் மாறினார். டப்ளினுக்குப் போகலாமா என்றுகூட ஒரு காலம் பேச்சிருந்தது. நோர்வே முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். 2000இல் அணி பிரீமியர் லீக்கிலிருந்து தரமிறங்கியது. வருமானம் சரிந்தது. 2001 ஓகஸ்டில் நிர்வாகம் அறிவித்தது: கழகம் மில்டன் கீன்ஸுக்குப் போகிறது.

மில்டன் கீன்ஸ் என்பது 1967இல் அரசாங்கம் திட்டமிட்டு உருவாக்கத் தொடங்கிய புதுநகரம். விம்பிள்டனிலிருந்து 56 மைல், ஏறக்குறைய 90 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து குருநாகல் போவதுபோல. அவ்வளவு பெரிய நகரத்துக்கு லீக் அணி ஒன்று இல்லை என்பதும், அங்கே அரங்கு கட்ட ஆள் தயாராக இருந்ததும் உண்மை. விம்பிள்டன் கழகம் மாதாமாதம் நட்டத்தில் ஓடியதும் உண்மை. முதலில் லீக் நிர்வாகம் மறுத்தது. மேன்முறையீடு, மத்தியஸ்தம் என்று போய், கடைசியில் மூன்று பேர் கொண்ட சுயாதீன ஆணைக்குழுவிடம் வந்தது. 2002 மே 28ஆம் திகதி, இரண்டுக்கு ஒன்று என்று அனுமதி கொடுத்தார்கள்.

அந்தத் தீர்ப்பில் ஓர் இடம் இருக்கிறது. கழகம் செத்தால் சாகட்டும், சாம்பலிலிருந்து நாங்கள் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறோம், 113 வருடத்துக்கு முந்திய இடத்திலிருந்தே தொடங்குகிறோம் என்று சொன்ன இரசிகர்களைப் பற்றி அது பேசுகிறது. அப்படிச் செய்வது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று ஆணைக்குழுவின் பெரும்பான்மை மரியாதையாகவே எழுதி வைத்தது.

படித்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள். கெட்ட நோக்கம் எதுவும் அவர்களுக்கு இருந்ததாக நாம் சொல்லவில்லை. அவர்கள் பார்வையில் கழகம் என்பது லீக்கில் ஓர் இடம், சில ஒப்பந்தங்கள், ஒரு பெயர். ஒரு பஸ் கம்பனியின் ரூட் பெர்மிட்டைப் போல. ரூட்டில் ஆளில்லை என்றால் வேறு ரூட்டுக்கு மாற்றலாம். கணக்குப் பாடத்தில் இந்த விடைக்கு முழுப் புள்ளியும் கொடுக்கலாம். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளை இந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

இரசிகர்கள் என்ன செய்தார்கள்? ஒரு சில நாட்களுக்குள் புதுக் கழகம் ஒன்றை அறிவித்தார்கள்: ஏ.எஃப்.சி. விம்பிள்டன். மைதானமில்லை, வீரரில்லை, பயிற்றுநரில்லை. ஜூன் மாதக் கடைசியில் அதே ஊர்ப் பொதுத்திடலில், 1889இல் எங்கே தொடங்கினார்களோ அதே திடலில், தெரிவுக்கு வரலாம் என்று அழைப்பு விட்டார்கள். இருநூறுக்கு மேற்பட்டவர்கள் பூட்ஸோடு வந்து நின்றார்கள். ஜூலை 10ஆம் திகதி முதல் சிநேகபூர்வ ஆட்டம், சட்டன் யுனைடெட்டோடு. 1963இல் இறுதிப் போட்டியில் தோற்ற அதே சட்டன்! ஏ.எஃப்.சி. விம்பிள்டன் 0-4 என்று படுதோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். தோற்ற அணியை அந்தக் கூட்டம் கைதட்டி அனுப்பியது.

அந்தப் பருவம் அவர்கள் விளையாடியது உள்ளூர் மட்டத்து லீக்கில். எதிரணிகளின் மைதானங்களில் வழமையாக நூறு பேர் வருகிற இடத்துக்கு இவர்களோடு ஆயிரக்கணக்கில் ஆட்கள் போனார்கள். பழைய கழகமோ இன்னும் செல்ஹர்ஸ்ட் பார்க்கில்தான் இருந்தது, இரண்டாம் அடுக்கில், சம்பளம் வாங்குகிற தொழில்முறை வீரர்களோடு. அதன் ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் பேர்கூட வரவில்லை. பருவம் முடிந்து சராசரி எடுத்துப் பார்த்தால், அடிமட்ட லீக்கில் விளையாடிய புதுக் கழகத்துக்குத்தான் கூட்டம் அதிகம். ஆணைக்குழுவின் தீர்ப்புக்கு ஊர் எழுதிய பதில் இதுதான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

பிறகு 2003 பெப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. இங்கிலாந்தின் வளர்ந்தோர் உதைபந்தாட்டத்தில் அது ஒரு சாதனை. 2011 மே மாதம், லூட்டன் அணியோடு பெனல்டிகளில் வென்று லீக்குக்குள் நுழைந்தார்கள். ஒன்பது பருவங்களில் ஐந்து தரமுயர்வு. பழைய கழகம் லீக்கிலிருந்து முதலாம் பிரிவுக்கு ஏற எடுத்ததும் ஒன்பது வருடம் என்பதைக் கவனியுங்கள். புதுக் கழகத்தின் தலைவர் என்ற கௌரவப் பதவியில் இருந்தவர் யார் தெரியுமா? லோரிமரின் பெனல்டியைத் தடுத்த டிக்கி கை.

கழகத்தின் கட்டுப்பாடு இரசிகர்களின் நம்பிக்கை நிதியமான 'டொன்ஸ் ட்ரஸ்ட்' கையில் இருக்கிறது. அங்கத்தவர் ஒருவருக்கு ஒரு வாக்கு. இலட்சாதிபதிக்கும் ஒன்று, பஸ் ஓட்டுகிறவருக்கும் ஒன்று. இப்படிச் சொன்னவுடன் எல்லாம் சுபம் என்று நினைத்துவிடக் கூடாது. காசில்லாத கழகம் காசில்லாத கழகம்தான். நல்ல வீரன் ஒருவன் வந்தால் இரண்டு பருவத்தில் பெரிய அணி கொத்திக்கொண்டு போய்விடும். கூட்டங்களில் வாக்குவாதம் வரும். தீர்மானம் எடுக்க நாளாகும். 2022இல் பருவத்தின் இரண்டாம் பாதி முழுவதும் லீக்கில் ஒரு வெற்றிகூட இல்லாமல் தரமிறங்கினார்கள். ஒரு கோடீஸ்வரர் இருந்திருந்தால் ஜனவரியில் இரண்டு பேரை வாங்கித் தப்பியிருக்கலாம். அந்தக் கோடீஸ்வரர் அதற்கு அடுத்த வருடம் என்ன செய்திருப்பார் என்பதுதான் அந்த இரசிகர்களின் கேள்வி. அவர்களுக்கு அனுபவம் இருக்கிறது.

ப்ளவ் லேனுக்குத் திரும்பியதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய மைதானத்திலிருந்து சில நூறு அடி தள்ளி, நாய்ப் பந்தயம் நடந்த அரங்கு ஒன்று இருந்தது. அந்த இடத்தில் புது மைதானம் கட்ட மேர்ட்டன் உள்ளூராட்சி சபையிடம் அனுமதி வாங்கினார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போது காசு போதவில்லை. வெளி முதலீட்டாளரிடம் பங்கை விற்றுவிடலாமா என்ற பேச்சு வந்தபோது, இரசிகர்கள் கடன்பத்திரம் வெளியிட்டுத் தாங்களே சேர்ப்போம் என்றார்கள். 2020 ஆரம்பத்தில் ஒரு சில வாரங்களில் 50 இலட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. பெரிய கழகங்கள் நடுத்தரமான ஒரு வீரனுக்கே இதைவிடக் கூடக் கொடுக்கும். அதுவல்ல விசயம். சேர்ந்த காசு ஓர் ஊரின் சேமிப்புக் காசு.

2020 நவம்பர் 3ஆம் திகதி முதல் ஆட்டம், டொன்காஸ்டரோடு 2-2. 29 வருடத்துக்குப் பிறகு வீடு திரும்பிய அந்த இரவில் அரங்கில் ஒரு இரசிகர்கூட இல்லை. கொவிட் காலம். காசு போட்டவர்கள் வீட்டில் இருந்து திரையில் பார்த்தார்கள். அதே கொவிட் முடக்கத்தில் இந்த இரசிகர்கள் தெருத் தெருவாக உணவுப் பொருட்களும் பழைய மடிகணினிகளும் சேகரித்துத் தேவையான குடும்பங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முடக்க காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கு ஒரு ஃபோன் இல்லாமல் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்த நமக்கு அந்த வேலையின் பெறுமதி தெரியும். 2024 செப்டெம்பரில் பக்கத்து ஆறு பெருகி மைதானத்துக்குள் வெள்ளம் வந்து தரை குழிந்துபோனது. நியூகாசிலோடு அங்கே நடக்க இருந்த கிண்ண ஆட்டத்தை நியூகாசிலிலேயே நடத்த வேண்டியதாயிற்று. உடனே இரசிகர்கள் வாளியோடு இறங்கினார்கள். நியூகாசில் கழகமும் உதவித்தொகை கொடுத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி மற்றப் பக்கம். ஒரு கதையில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுப்பது ஆசிரியருக்கு அழகில்லை.

பழைய விம்பிள்டன் கழகம் 2003 செப்டெம்பரில் மில்டன் கீன்ஸில் விளையாடத் தொடங்கியது. அடுத்த வருடம் 'மில்டன் கீன்ஸ் டொன்ஸ்' என்று பெயர் மாறியது. 2007இல் ஏறக்குறைய இருபத்திரண்டாயிரம் இருக்கையுள்ள அரங்கு திறந்தார்கள். அதே வருடம், 1988 கிண்ணத்தின் பிரதி உட்பட பழைய வெற்றிச் சின்னங்களை மேர்ட்டன் சபையிடம் ஒப்படைத்தார்கள். தங்கள் வரலாறு 2004இலிருந்துதான் தொடங்குகிறது என்று ஏற்றுக்கொண்டார்கள். இது சின்ன விசயமல்ல. அபகரித்ததைத் திருப்பிக் கொடுக்கிறவர்களை நாம் தினமும் காண்பதில்லை.

அந்த நகரத்தில் பிறந்த டெலி அலி என்ற பையன் அந்தக் கழகத்தில் வளர்ந்துதான் இங்கிலாந்து அணிக்குப் போனான். 2014 ஓகஸ்டில் மென்செஸ்டர் யுனைடெட்டை அவர்கள் 4-0 என்று உரித்தெடுத்த இரவு நமது யுனைடெட் தம்பிமாருக்கு இன்னும் வலிக்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்த மில்டன் கீன்ஸ் பிள்ளை எதையும் திருடவில்லை. 2002இல் அது பிறந்திருக்கவும் இல்லை. பெரியவர்கள் போட்ட கையெழுத்துக்குப் பிள்ளையைக் குற்றம் சொல்ல ஏலாது. இதை ஏ.எஃப்.சி. இரசிகர்களிடம் சொன்னால் சிலர் கோபப்படுவார்கள். சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் 'டொன்ஸ்' என்ற பெயர்? அது விம்பிள்டனின் செல்லப் பெயர். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள். 2017இல் மில்டன் கீன்ஸ் அணி விளையாட வந்தபோது, புள்ளிப் பலகையில் 'மில்டன் கீன்ஸ்' என்று மட்டும் போட்டார்கள் ஏ.எஃப்.சி.காரர்கள். அதற்காக லீக் நிர்வாகம் அவர்கள் மேல் குற்றஞ்சாட்டியது! வீட்டைப் பறிகொடுத்தவன் மரியாதையாகக் கூப்பிடவில்லை என்று வழக்கு. பெயரையும் கொடுத்துவிட்டுப் புதுப் பெயரோடு அந்தப் பிள்ளைகள் தங்கள் வரலாற்றை எழுதட்டும் என்பதே நமது கருத்து. அவர்களுக்கும் அதுதான் நல்லது.

சரி, இதெல்லாம் எங்கேயோ நடந்தது, நமக்கு என்ன என்று கேட்கலாம். நமக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது.

2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்காரக் கழகங்கள் 'சுப்பர் லீக்' என்று தனியாகப் பிரிந்து போக முடிவெடுத்தன. அதில் ஆறு இங்கிலாந்துக் கழகங்கள். தோற்றாலும் தரமிறங்காத, தங்களுக்குள்ளேயே விளையாடிக்கொள்ளும் ஒரு லீக். அந்தத் திட்டத்தின் பின்னால் இருந்தவர்கள் உள்ளூர் இரசிகர்களைப் 'பழைய காலத்து இரசிகர்கள்' என்றும், தூர நாடுகளில் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களை 'எதிர்கால இரசிகர்கள்' என்றும் பிரித்துப் பேசினார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. எதிர்கால இரசிகர்கள் என்றால் யார்? நாம்தான். பாதி இரவில் எழும்பிப் பார்க்கிற நாம். செல்சி மைதானத்தின் வாசலில் உள்ளூர் இரசிகர்கள் வீதியை மறித்து நின்றதும், இரண்டு நாளில் ஆறு கழகங்களும் ஒவ்வொன்றாக விலகின. அங்கே அவர்கள் தெருவில் நின்றபோது, இங்கே நம்மில் எத்தனை பேர் "ஒவ்வொரு கிழமையும் பெரிய மெட்ச் பார்க்கலாமே" என்று பதிவு போட்டோம்!

மில்டன் கீன்ஸ் முடிவுக்குச் சொல்லப்பட்ட காரணமும் சுப்பர் லீக்குக்குச் சொல்லப்பட்ட காரணமும் ஒன்றுதான்: அந்தப் பக்கம் சந்தை பெரிது. அந்தப் பெரிய சந்தையாக நம்மைக் காட்டித்தான் சின்ன ஊர்களின் சனிக்கிழமையைப் பிடுங்குகிறார்கள். நமது அன்பு பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. வகுப்பில் "சேர், நீங்க எந்த டீம்?" என்று கேட்கிற பிள்ளையின் கண்ணில் இருப்பது உண்மையான அன்புதான். ஆனால் நாம் விருந்தாளிகள். விருந்தாளி வீட்டுக்காரனின் காணியை விற்பதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது.

இங்கிலாந்து கொஞ்சம் தாமதமாகவேனும் விழித்துக்கொண்டது. 1885இல் தொடங்கி இரண்டு முறை எஃப்.ஏ. கிண்ணம் வென்ற பெரி கழகம், உரிமையாளர்களின் சீர்கேட்டால் 2019இல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. அதற்குப் பின் சுப்பர் லீக் கூத்து. இரண்டையும் பார்த்த பிறகு 2025இல் உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. சுயாதீன ஒழுங்குபடுத்துநர் ஒருவர் வந்தார். இனி மைதானத்தை விற்பதற்கும் ஊர்விட்டு ஊர் போவதற்கும் அவருடைய அனுமதி வேண்டும். சின்னத்தையோ ஜேர்சியின் நிறத்தையோ மாற்றுவதென்றாலும் இரசிகர்களைக் கேட்க வேண்டும். இந்தச் சட்டம் போதாது, ஓட்டைகள் உண்டு என்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் 2002இல் மூன்று பேரின் கையில் இருந்த ஒரு விசயம் இன்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

அந்தச் சட்டம் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2025 மே 26ஆம் திகதி, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் மீண்டும் வெம்பிளிக்கு வந்தது. தரமுயர்வுக்கான இறுதி ஆட்டம். எதிரணி வோல்சால், அந்தப் பருவத்தில் பல மாதம் அட்டவணையின் உச்சியில் இருந்த அணி. முதற் பாதி முடிகிற நேரத்தில் மைல்ஸ் ஹிப்போலைட் ஒரு கோல் அடித்தார். 1-0. மறுபடி மூன்றாம் அடுக்கு. மில்டன் கீன்ஸ் அந்தப் பருவத்தை நான்காம் அடுக்கின் கீழ்ப் பாதியில் முடித்தது.